விருந்தாளியிடம் சொல்கிற பதில்

ஃப்ளோரன்ஸ் டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவள் இல்லை. ஆனாலும் முள்ளிப்பட்டில் நண்டு சிண்டிலிருந்து பல் போன கிழவர்வரை எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். வறுமையை ஒழிப்பதற்காகக் கடல் தாண்டி வந்த ஒரு நிறுவனத்தின் ஆரணி அலுவலகத்தில் அவள் களப்பணியாளர். அந்த நிறுவனத்துக்கு ஒரு முழ நீளத்தில் ஆங்கிலப் பெயர் உண்டு. அது யார் வாயிலும் நுழையாததால் ஊரார் 'புள்ளைங்க ஆபீசு' என்று சுருக்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நோட்டு, சீருடை, சாயங்காலம் டியூஷன், டியூஷன் முடிந்தால் ஒரு கரண்டி சுண்டல். பன்னிரண்டாவதை நல்லபடியாக முடிக்கிற பிள்ளைக்குக் காலேஜ் செலவும் கொடுப்பார்கள்.

ஃப்ளோரன்ஸின் வேலையில் பாதி, ஊர் ஊராக ஸ்கூட்டியில் அலைவது. மீதிப் பாதி, வெள்ளைக்காரர்கள் வரும்போது அவர்கள் பேச்சை இவர்களுக்கும் இவர்கள் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வது. அலைந்ததால் வந்தது முட்டி வலி மட்டும்தான். மற்றதெல்லாம் வந்தது இந்த இரண்டாவது வேலையால்.

அவளே அப்படிப்பட்ட உதவியில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ஆரணி ரைஸ் மில்லில் கணக்கெழுதும் வேலை, வீடு நிறையப் பிள்ளைகள். நடுப்பிள்ளையான ஃப்ளோரன்ஸை வேலூரில் ஒரு மிஷன் விடுதியில் சேர்த்தார். முகம் தெரியாத ஒரு ஜெர்மன் அம்மாள் அவளுடைய செலவை ஏற்றுக்கொண்டாள். அந்த அம்மாளுக்கு வருஷம் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். ஒரு கிறிஸ்துமஸுக்கு அம்மா ஆசை ஆசையாகத் தைத்து அனுப்பிய கவுனைப் போட்டுக்கொண்டு போட்டோ வரிசையில் நின்றாள். வார்டன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புதுசப் பாத்தா அவங்க எதுக்குடி பணம் அனுப்புவாங்க? போய்ப் பழசப் போட்டுக்கினு வா" என்றாள். போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வயதில் கற்றுக்கொண்டது எதுவும் லேசில் மறப்பதில்லை.

முள்ளிப்பட்டுக்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. வீட்டுக்கு வந்தவரிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள். வந்தவர் உட்கார நாற்காலி, குடிக்கக் கலர் சோடா, கிளம்பும்போது கையில் இரண்டு வாழைப்பழம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க" என்பார்கள். அடுப்பில் பூனை படுத்திருந்தாலும் பதில் மாறாது. கஷ்டத்தைச் சொன்னால் வந்தவருக்குக் கலர் தொண்டையில் இறங்காது, கடன் கேட்க அடி போடுகிறார்களோ என்று வேறு நினைப்பார். அழுவதாக இருந்தால் அவர் போன பிறகு நம்ம ஜனங்களிடம் அழுதுகொள்ளலாம்.

வெள்ளைக்காரர்கள் வருவதோ கஷ்டத்தைப் பார்க்க.

ஃப்ளோரன்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த குழு பொன்னியம்மாள் என்ற கிழவியின் குடிசைக்குப் போனது. மகனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த கிழவி அவள். எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கிழவி, ராஜாத்தி மாதிரி இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கலரை நீட்டினாள். ஃப்ளோரன்ஸ் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலாளர் மைக்கேல்ராஜ் சார் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "மேடம், அந்தம்மா கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? தெரியுமில்ல? அப்ப அதச் சொல்லுங்க" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வீட்டில், அவர்கள் சொல்லாமல் விட்டதை இவள் சேர்த்துச் சொன்னாள். பொய் இல்லை, வேறொரு நாள் தறி ஓரமாக உட்கார்ந்து அவர்களே இவளிடம் சொல்லி அழுததுதான். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அந்த வருஷம் நிறையப் பிள்ளைகளுக்கு உதவி வந்தது. அப்புறம் வருஷா வருஷம் குழம்பில் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. காய்ச்சலில் செத்த புருஷன் தூக்கில் தொங்கினான். ஒரு வேளை பட்டினி மூன்று நாள் பட்டினியானது. வந்த அம்மாள் அழுதுவிட்டால் காரியம் பலித்தது என்று அர்த்தம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்றால் அரைடஜன் பொய் சொல்லி ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தால் என்ன என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பேசப்பட்டவர்கள் பக்கத்திலேயே கைகட்டிச் சிரித்த முகமாக நின்றார்கள். ஆங்கிலம் தெரியாதவரை யாருக்கும் வலிக்கவில்லை.

கண்ணகி வீட்டுக்கு வருவோம். அவள் பட்டு நெய்கிறவள். தறி முதலாளியுடையது, நூலும் ஜரிகையும் முதலாளியுடையது, கை மட்டும் அவளுடையது. புருஷன் வீரன் ஆரணியில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து வாரத்தில் பாதி நாள் வீட்டில். ஒரே மகள் இனியா. சாயங்கால டியூஷனில் ஃப்ளோரன்ஸிடம் ஆங்கிலம் படித்தவர்களில் இவள் அளவுக்கு ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டவள் யாரும் இல்லை. நர்சாக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. காலேஜ் செலவை ஆபீசு பார்த்துக்கொள்ளும் என்பது அந்த வீட்டின் ஒரே தைரியம்.

இனியா பத்தாவது படிக்கும்போது ஒரு குழு வந்தது. வழக்கப்படி கண்ணகி கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, கொண்டை நிறையப் பூவோடு, டென்ட் ஹவுஸிலிருந்து வாடகைக்கு எடுத்த நாற்காலிகளைப் போட்டு வரவேற்றாள். ஃப்ளோரன்ஸும் வழக்கப்படி, இந்தப் புருஷன் தினமும் குடிக்கிறான், பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான் என்றாள். வந்த அம்மாளின் கண்கள் கலங்கின. தறித் தூணில் சாய்ந்து நின்ற இனியாவை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் டியூஷன் முடிந்து பிள்ளைகள் போன பிறகு கண்ணகி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க ஊட்டுக்காரரு என்ன அடிக்கறாருன்னு சொன்னீங்களா?"

"யாரு சொன்னது?"

"இனியாதான். நீங்கதான அதுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுத்தீங்க."

ஃப்ளோரன்ஸ் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள். கண்ணகி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம்.

"அவரு யோக்கியருன்னு நான் சொல்லல. தீவாளி பொங்கலுக்குக் குடிப்பாரு. குடிச்சா ரெண்டு பாட்டு பாடுவாரு, தூங்கிப்பூடுவாரு. இன்னி வரைக்கும் என்மேல கை நீட்டனதில்ல. நேத்து தட்டுல கலர வச்சிகினு, சிரிச்சிகினு நின்னாரு. அந்த வெள்ளக்காரம்மா அவர மொறச்சிப் பாத்துது. வெயில்ல வந்துது, அதான் பேஜாரா கீதுன்னு நெனச்சிகினாரு, பாவம்."

"பணம் வரணும்னுதான் கண்ணகி அப்படி..."

"வரட்டும்க்கா. அதுக்குன்னு நம்மள அசிங்கப்படுத்தித்தான் வரணுமா? பாப்பா ராவு பூரா சோறு துன்னல. அடுத்த வாட்டி நான் இன்னா சொல்றனோ அத மட்டும் சொல்லுங்க. கூடவும் வாணாம், கொறையவும் வாணாம்."

ஃப்ளோரன்ஸ் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். வெட்கத்தில் செய்ததுதான், ஆனாலும் மனசறிந்து செய்தது.

இனியா பன்னிரண்டாவதில் இருந்தபோது அடுத்த குழு வந்தது. முன்பு வந்தவர்களைப் போலக் கண்ணீரும் கேமராவுமாக வருகிறவர்கள் இல்லை. மைக்கேல்ராஜ் சார் அவளைக் கூப்பிட்டு முன்கூட்டியே சொன்னார். "இவங்க அளந்து பாக்க வர்றாங்க மேடம். பணம் கொறைஞ்சிகினே வருது. எந்த ஊரு தேறிடுச்சின்னு தோணுதோ அந்த ஊர மூடிடுவாங்க. ஜனங்க கிட்ட சொல்லிக்கினு திரியாதீங்க. நீங்க பாத்துப் பேசுங்க."

இந்த இடத்தில்தான் ஃப்ளோரன்ஸ் தவறு செய்தாள். கண்ணகியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த வாட்டி வருவது விருந்தாளி இல்லை, உன் வீட்டை எடை போட வருகிறவர்கள், உள்ளதை உள்ளபடி சொல் என்று சொல்ல ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் போதும். உள்ளதே போதுமானதாக இருந்தது. வீரனின் இடுப்பு, வாரத்துக்கு மூன்று நாள் ரேஷன் அரிசிக் கஞ்சி, முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எல்லாம் உண்மை. உப்பே போட வேண்டாம். சார் சொல்லக்கூடாது என்றார் என்பது சாக்கு. உள்ளே கொஞ்சம் ரோசம் இருந்தது. நான் சொன்னது அசிங்கம் என்றாயே, இப்போது நீயே சொல் பார்க்கலாம் என்கிற ரோசம். அது அப்போது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. பிறகு தெரிந்தபோது தெரிந்து என்ன பிரயோஜனம்.

குழுவில் இரண்டு பேர். நெட்டையான ஓர் அம்மாள், தாடி வைத்த ஓர் ஐயா. கண்ணகி இந்த முறை பக்கத்து வீட்டிலிருந்து டேபிள் ஃபேனும் வாங்கி வைத்திருந்தாள். வீரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கடைக்கு நடந்து கலர் வாங்கி வந்திருந்தார். வாழைக்காய் பஜ்ஜி சூடாக இருந்தது. தறியில் முக்கால்வாசி முடிந்த கல்யாணப் புடவை மாம்பழ நிறத்தில் பளபளத்தது. நெட்டை அம்மாள் அதன் ஜரிகையைத் தடவிப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டாள்.

"நம்முளுதுதான். நம்ம தறிதான்" என்றாள் கண்ணகி பெருமையாக. நெய்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஃப்ளோரன்ஸ் அப்படியே சொன்னாள்.

சாப்பாட்டுக்குக் கஷ்டம் உண்டா, எப்போதாவது ஒரு வேளை சாப்பிடாமல் இருந்ததுண்டா என்று தாடிக்காரர் கேட்டார்.

கண்ணகி சிரித்தாள். "எங்களுக்கு இன்னா கொற? உங்க புண்ணியத்துல நல்லாக்கீறோம். பஜ்ஜி எடுத்துக்கச் சொல்லுங்கக்கா, ஆறிடப் போவுது."

ஃப்ளோரன்ஸ் ஒரு நொடி தயங்கினாள். இனியா அதே தறித் தூணில் சாய்ந்து அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ளோரன்ஸ் கூடவும் சொல்லவில்லை, குறையவும் சொல்லவில்லை. நெட்டை அம்மாள் கண்ணகியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மைக்கேல்ராஜ் சாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கண்ணகி மட்டும் ஃப்ளோரன்ஸைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தாள்.

அதே வாரம் அந்தக் குழு படவேட்டுப் பக்கம் ஒரு மலையடிவாரத்து ஊருக்கும் போனது. அங்கேயும் ஜனங்கள் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்த ஊரில் ஃப்ளோரன்ஸ் யாருக்கும் சத்தியம் செய்து கொடுத்திருக்கவில்லை. அந்த ஊர் தப்பித்தது.

முள்ளிப்பட்டு தேறிவிட்டது என்று மேலிடத்தில் முடிவானது. சொந்தக் காலில் நிற்கும் கிராமம் என்று பேனர் கட்டி விழா எடுத்தார்கள். கண்ணகிக்குப் பொன்னாடை போர்த்திக் கேக் வெட்டச் சொன்னார்கள். டியூஷன் நடந்த அறையின் பெஞ்சுகள் ஒரு மினி லாரியில் ஏறிப் போயின. காலேஜ் உதவி இனி கிடையாது என்பதை மைக்கேல்ராஜ் சார் மேடையில் சொல்லவில்லை. அதைச் சொல்லும் வேலை ஃப்ளோரன்ஸுக்கு வந்தது.

கண்ணகிக்கு முதலில் பிடிபடவில்லை. மறுபடி மறுபடி கேட்டாள். பிடிபட்டதும் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாக்கீறோம்னு சொன்னதுக்கா?"

"ஆமா."

"விருந்தாளி கிட்ட வேற இன்னாக்கா சொல்லுவாங்க?"

முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று கண்ணகி கேட்கவில்லை. ஃப்ளோரன்ஸுக்கு முன்கூட்டியே தெரியும் என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை. கேட்டிருந்தால் தேவலை. திட்டு வாங்கினால் ஆறிப்போகும். நம்பிக்கையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அது எங்கே ஆறுகிறது?

இனியா பன்னிரண்டாவதை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். முடித்துவிட்டு, செய்யாறு பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற பஸ்ஸில் ஏறினாள். ஃப்ளோரன்ஸ் காலையில் ஆபீசுக்குப் போகும் வழியில் அந்த பஸ்ஸைப் பார்ப்பாள். ஜன்னலோரம் இனியா கண்ணை மூடித் தூங்கிக்கொண்டு போவாள். ஒரு நாள் ஸ்கூட்டியை நிறுத்திக் கையைக் காட்டினாள். விழித்துப் பார்த்த பெண், வணக்கம் சொல்வதுபோலத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அன்று முழுக்க ஃப்ளோரன்ஸுக்கு வேலை ஓடவில்லை.

ஜெபத்தில் அழுதாள். மைக்கேல்ராஜ் சாரிடம் நடையாய் நடந்தாள். கடைசியில் அக்கா மகன் டேனியிடம் கெஞ்சினாள். டேனி ஏதோ ஒரு குளிர் தேசத்தில் நர்சாக இருக்கிறான். அவன் போகிற சர்ச்சில் வயதானவர்கள் சிலர் சேர்ந்து இந்தியாவில் நான்கைந்து பெண்களைப் படிக்க வைக்கிறார்கள். "கேட்டுப் பாக்கறேன் சித்தி. பொண்ணு வீடியோல பேசணும். ஆனா அவங்க அப்பா இல்லாத பிள்ளைகளுக்குத்தான் முதல்ல பாப்பாங்க. உங்க பொண்ணுக்கு கொஞ்சம் கஷ்டம்தான்" என்றான்.

இந்த முறை ஃப்ளோரன்ஸ் எதையும் மறைப்பதில்லை என்று வைராக்கியம் எடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு முள்ளிப்பட்டுக்குப் போய், இனியாவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். யார், எங்கே, என்ன கேட்பார்கள், யாருக்கு முதலில் கொடுப்பார்கள் என்பதெல்லாம். அப்பா இல்லாத பெண்களுக்கு என்பதையும் சொன்னாள். "உள்ளதச் சொல்லு இனியா. உன் மார்க் நல்லா இருக்கு. கர்த்தர் வழி திறப்பாரு."

"சரிங்க டீச்சர்" என்றாள் இனியா.

கண்ணகி வழக்கம்போல் பட்டுப் புடவையில் தயாராகிவிட்டாள். வீரன் கலர் வாங்கி வந்து, ஸ்டூலில் சாய்த்து வைத்திருந்த செல்போனுக்கு முன்னால் இரண்டு பாட்டிலை மூடி திறந்து வைத்தார். "அவங்களால குடிக்க முடியாதுப்பா" என்று இனியா சொன்னதற்கு, "பாக்கட்டும். கலர்கூட வாங்கித் தரலன்னு நெனக்கக் கூடாதில்ல" என்றார். இனியா போனைத் திருப்பி, காரை பெயர்ந்த சுவர் தெரிகிறபடி வைத்தாள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அப்பாவைத் தறிக்கு அந்தப் பக்கமாக, படத்தில் விழாத இடத்தில் நிற்கச் சொன்னாள். அவரும் பெண்ணுக்குத் தொந்தரவு கூடாது என்று நகர்ந்து நின்றார்.

திரையில் ஒரு கிழவரும் கிழவியும் வந்தார்கள். ஃப்ளோரன்ஸ் மாற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். "வேணாங்க டீச்சர், நானே பேசிக்கறேன்" என்றாள் இனியா.

பேசினாள். தடங்கல் இல்லாத ஆங்கிலம். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் ஃப்ளோரன்ஸுக்குத் தன் சாயலைப் பார்ப்பது போல இருந்தது. உங்கள் அப்பா என்ன செய்கிறார் என்று கிழவி கேட்டாள். இனியா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, என் அப்பா செத்துப்போய்விட்டார் என்றாள்.

ஃப்ளோரன்ஸ் மறுத்துச் சொல்லியிருக்கலாம். ஆங்கிலம் அவளுக்கும் தெரியும். ஆனால் கண்முன்னே அந்தக் கம்பெனி பஸ் வந்து நின்றது. அவள் பேசாமல் இருந்தாள்.

போனை வைத்ததும் வீரன் தறியைச் சுற்றிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஃபாதர்னு சொல்லிச்சே, அது மட்டும் புரிஞ்சிது. என்னப் பத்தி இன்னா சொல்லிச்சி டீச்சரம்மா?"

இனியா தரையைப் பார்த்தாள். ஃப்ளோரன்ஸ் முந்திக்கொண்டாள். "உங்களாலதான் இந்த அளவுக்குப் படிச்சேன்னு சொல்லிச்சிண்ணா" என்றாள். வீரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கலரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் குடித்தாள். குடிக்காவிட்டால் சங்கடப்படுவார்.

பணம் கிடைத்தது. வேலூரில் ஒரு நர்சிங் காலேஜில் இடமும் கிடைத்தது. சேருகிற நாளில் நான்கு பேரும் ஒன்றாகப் போனார்கள். அந்தக் குளிர் தேசத்துக் குழுவுக்காக வேலூரில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் சோபியா என்ற பெண் காலேஜுக்கு வந்து, அம்மாவையும் மகளையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. உள்ளே பெண்களை மட்டும்தான் விடுவார்கள் என்று ஃப்ளோரன்ஸ் பஸ்ஸிலேயே வீரனிடம் சொல்லிவைத்தாள். அவர் இடுப்பு வலியோடு பெட்டியைக் காலேஜ் கேட்டுவரை தூக்கி வந்து வைத்துவிட்டு, "நீங்க போங்க, நான் டீக்கடையில குந்தினு இருக்கறேன்" என்றார். மகள் தலையில் கை வைத்தார். இனியா குனிந்து அவர் காலைத் தொட்டாள், எழுந்திருக்க நேரமானது.

காலேஜ் வராந்தாவில் உட்கார்ந்து சோபியாவுக்குக் காத்திருந்தார்கள். கண்ணகி அதே பட்டில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, தலை கொள்ளாத மல்லிகையோடு, காலேஜைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனியா அவள் காதருகே போனாள்.

"அம்மா, பூவ எடுத்துடும்மா."

"ஏண்டி? நல்லாதான கீது?"

"பொட்டையும்."

கண்ணகி மகளைப் பார்த்தாள். மகள் ஃப்ளோரன்ஸைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை மாற்றி மாற்றிச் சொன்ன ஃப்ளோரன்ஸுக்கு இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் எந்தப் பொட்டைக் கண்டார்கள்? ஆனால் வருகிற சோபியா தமிழ்ப் பெண். வேறு வழி இல்லை.

"கண்ணகி, அன்னிக்கி போன்ல... அப்பா செத்துட்டாருன்னு சொல்லிட்டா. அதுக்குத்தான் பணம் குடுத்திருக்காங்க. எனக்குத் தெரியும். நான் உன்கிட்ட சொல்லல."

கண்ணகி கேட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து டீக்கடை தெரியவில்லை. மகளின் கையில் இருந்த புது பேக்கைப் பார்த்தாள். ஃப்ளோரன்ஸ் அவள் கையைப் பிடிக்கப் போனாள், கண்ணகி கையைக் கொடுக்கவில்லை.

பிறகு அவளாகவே தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பூவை உருவினாள். கீழே போட மனமில்லாமல் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, மெட்டி தெரியாமல் புடவையை இறக்கி விட்டுக்கொண்டாள். சோபியா வந்தாள், நல்ல பெண். "தனி ஆளா நின்னு வளத்திருக்கீங்கம்மா, பெரிய விஷயம்" என்றாள். கண்ணகி கைகூப்பினாள். போட்டோவில் நேராகப் பார்த்து நின்றாள்.

எல்லாம் முடிந்து மகளை உள்ளே விட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே வந்தபோது ஃப்ளோரன்ஸ் ஏதோ சொல்ல வந்தாள். கண்ணகி காதில் வாங்கவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்புறம் டீக்கடை பெஞ்சிலிருந்து வீரன் கையைத் தூக்கி ஆட்டினார். இடுப்பில் இருந்த பூ கசங்கிப்போயிருந்தது. அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டு, புருஷன் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, பூ விற்கிறவள் எங்கே இருக்கிறாள் என்று தேடிக்கொண்டு வேகமாக நடந்தாள்.